சாதியைச் சொல்லாதே என்கிற கவுன்சிலிங்

1

பள்ளிக்கூடத்துப் பகையில் ஒரு தலித் பையன் வெட்டுப்பட்டால் நம்ம நாட்டில் யார் யார் வருவார்கள் என்று ஒரு வரிசை இருக்கிறது. முதலில் போலீஸ் வரும். அப்புறம் அதிகாரிகள். அப்புறம் கட்சிக்காரர்கள், பத்திரிகைக்காரர்கள், உண்மை அறியும் குழுக்கள். எல்லாரும் வந்து போன பிறகு கடைசியாக ஒன்று வரும். அதற்குப் பெயர் கவுன்சிலிங்.

'மாணவர்களுக்குக் கவுன்சிலிங் கொடுக்கப்பட்டது' என்று பேப்பரில் ஒரு வரி போடுவார்கள். அதோடு சேதி முடிந்தது. தமிழ் படித்தவள் என்பதால் எனக்கு முதலில் உறுத்துவது அந்த வினைச்சொல். கொடுப்பது. சத்துணவு கொடுப்பது மாதிரி, இலவச சைக்கிள் கொடுப்பது மாதிரி, கவுன்சிலிங்கையும் கொடுக்கிறார்கள். கொடுக்கிறவர் மேடையில் இருப்பார். வாங்கிக்கொள்கிறவர்கள் தரையில் இருப்பார்கள். முந்நூறு பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்து, மைக்கைப் பிடித்து, நாமெல்லாம் ஒரு தாய் மக்கள் என்று முக்கால் மணி நேரம் பேசி, 'புரிஞ்சுதா பசங்களா?' என்று கேட்டு, 'புரிஞ்சுது சார்' என்று கத்தவைத்து, போட்டோ பிடித்துக்கொண்டு போவதற்குப் பெயர் சிகிச்சை இல்லை. அதற்குப் பெயர் பிரேயர்.

2023 ஆகஸ்ட் 9ஆம் தேதி இரவு நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்புப் படித்த ஒரு தலித் மாணவனை வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கச்சியையும் வெட்டினார்கள். வெட்டியது கூடப் படித்த பிள்ளைகள். அதன் பிறகு ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துருவை ஒருநபர் குழுவாக அரசு அமைத்தது. 2024 ஜூனில் அவர் அறிக்கை கொடுத்தார். கையில் கலர் கயிறு கூடாது, நெற்றியில் சாதி அடையாளம் கூடாது, பள்ளிகளின் பெயரில் சாதி கூடாது என்றெல்லாம் அதில் பரிந்துரைகள் இருக்கின்றன. நல்ல பரிந்துரைகள். நான் எதிர்க்கவில்லை. கயிற்றை அறுத்துவிடலாம். ஆனால் கயிறு கட்டிய கையைப் பற்றி இவ்வளவு பேசுகிற நாம், அந்தக் கையால் அடிபட்ட பிள்ளை ராத்திரி ஹாஸ்டலில் போர்வைக்குள் என்ன செய்துகொண்டிருக்கிறது என்று கேட்டோமா? இந்தக் கட்டுரை அந்தப் பிள்ளையைப் பற்றியது. அவளையும் அவள் மாதிரி எட்டுப் பேரையும் எப்படி ஒன்றாக உட்காரவைப்பது என்பதைப் பற்றியது.

2

நானும் என் தோழி ஒருத்தியும் சில வருஷங்களாக விழுப்புரம், கடலூர் பக்கத்து ஆதிதிராவிடர் நல விடுதிகளில் பெண்பிள்ளைகளோடு சனிக்கிழமை சாயங்காலம் உட்காருகிறோம். 2025 ஜூலையில் அரசு இந்த விடுதிகளுக்கெல்லாம் சமூகநீதி விடுதி என்று பெயர் மாற்றியது. பிள்ளைகள் வாயில் இன்னும் 'எஸ்.சி. ஹாஸ்டல்'தான். மனநல மருத்துவர் ஒருவர் எங்களுக்கு முறையாகக் கற்றுக்கொடுத்தார். மாதம் ஒரு தடவை நாங்கள் செய்ததைக் கேட்டு இன்றைக்கும் திருத்துகிறார். வட்டத்தில் பிள்ளைகள் சொன்னதை இங்கே நான் எழுதப்போவதில்லை. அது வட்டத்தோடு இருக்க வேண்டியது. 'வெளிய சொல்லுக்கா, நாலு பேருக்குத் தெரியட்டும்' என்று அவர்களே சொன்ன ஒன்றிரண்டு மட்டும் எழுதுகிறேன்.

இந்த வேலைக்கு வருவதற்கு முன்னால் ஒரு தொண்டு நிறுவனத்தின் மூன்று நாள் பயிற்சிக்குப் போயிருந்தேன். பெயர் வேண்டாம். இந்த மாதிரி நிறுவனங்களெல்லாம் ஒரே வார்ப்புதான். வளரிளம் பருவத்தினருக்கான குழு அமர்வு என்று தலைப்பு. சுவரில் ஒரு சார்ட் பேப்பர் ஒட்டியிருந்தார்கள். குழு விதிகள். ஒருவரை ஒருவர் மதிப்போம். ஒருவர் பேசும்போது குறுக்கிட மாட்டோம். மூன்றாவது விதி: சாதி, மதம், அரசியல் பேச மாட்டோம்.

நான் எழுந்து கேட்டேன். 'ஏங்க, அந்தப் புள்ளைக்கு நடந்ததே அதானே? அதப் பேசக்கூடாதுன்னா அது வேற எதப் பேசும்?'

பயிற்சியாளர் கோபப்படவில்லை. சிரித்துக்கொண்டுதான் சொன்னார். 'மேடம், உணர்ச்சியப் பத்திப் பேசட்டும். காரணத்தப் பத்திப் பேச வேணாம்.'

இந்த ஒரு வாக்கியத்தோடுதான் எனக்குச் சண்டை. அவரோடு இல்லை. அவர் நல்ல மனிதர். வாக்கியம் கெட்டது.

3

குழுச் சிகிச்சை ஒன்றும் பணக்காரன் வீட்டு சோபாவில் பிறந்ததில்லை. 1905இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்தில் ஜோசப் பிராட் என்ற மருத்துவர் காசநோய்க்காரர்களை வாரத்துக்கு ஒருதரம் ஒன்றாகக் கூட்டினார். சானடோரியத்துக்குப் போய்ப் படுக்க வசதியில்லாத ஏழைகள் அவர்கள். நோயைப் பற்றிப் பாடம் சொல்லத்தான் கூட்டினார். கூடி உட்கார்ந்ததே அவர்களைத் தேற்றுகிறது என்பது பிறகுதான் அவருக்குப் புரிந்தது. காசம் அன்றைக்கு வெறும் நோய் இல்லை, அவமானம். தட்டைத் தனியாக வைப்பார்கள், டம்ளரைத் தனியாக வைப்பார்கள். தட்டும் டம்ளரும் தனியாக வைக்கப்படுவது என்றால் என்ன என்று நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

இர்வின் யாலொம் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 1970இல் குழுச் சிகிச்சையின் கோட்பாடு பற்றிப் பெரிய புத்தகம் எழுதினார். இன்றைக்கும் இந்தத் துறையில் படிக்கிறவர்களுக்கு அதுதான் பாடப்புத்தகம். குழு எதனால் குணப்படுத்துகிறது என்று அவர் காரணிகளைப் பிரித்துச் சொல்கிறார். அதில் முக்கியமான ஒன்றை நம்ம பிள்ளைகளின் மொழியில் சொன்னால் இரண்டே வார்த்தை. 'எனக்கும்தான்டி.' இது எனக்கு மட்டும் நடக்கவில்லை, என்னில் மட்டும் இருக்கிற கோளாறு இல்லை என்று தெரிகிற அந்த நிமிஷம். மருந்து அங்கே இருக்கிறது.

இப்போது அந்தப் பயிற்சியாளர் வாக்கியத்துக்கு வருவோம். ஒரு பிள்ளை வகுப்பில் தான் குடித்த பாட்டிலை இன்னொருத்தி துடைத்துவிட்டுக் குடிப்பதைப் பார்க்கிறாள். கக்கூஸ் கழுவ வாத்தியார் ஆள் கூப்பிடும்போது எப்போதும் தன் பக்கமே கை நீளுவதைப் பார்க்கிறாள். அவளுக்கு வலிக்கிறது. வலியைச் சொல், காரணத்தைச் சொல்லாதே என்கிறோம். சொல்லாமல் விட்டால் காரணம் இல்லாமல் போய்விடுமா? போகாது. மனசு காரணம் இல்லாமல் சும்மா இருக்காது. தேடும். வெளியில் தேடக்கூடாது என்றால் உள்ளே தேடும். 'நான் கறுப்பா இருக்கறதாலதான்.' 'எங்கம்மா சுத்தபத்தமா இல்லாததாலதான்.' 'நான் சரியாப் படிக்காததாலதான்.' காரணத்தைப் பேசாதே என்று நாம் விதி போட்டால், பிள்ளை தன்னையே காரணமாக்கிக்கொள்ளும். அதுதான் நோய். வைத்தியம் என்ற பெயரில் நாம் நோயை ஊட்டிவிட்டு வருகிறோம்.

தப்பு செய்தவனுக்கு வருவது குற்ற உணர்வு. ஒரு தப்பும் செய்யாதவளுக்கு வருவது அவமானம். குற்ற உணர்வுக்கு மன்னிப்புக் கேட்கலாம். அவமானத்துக்கு என்ன கேட்பது, யாரிடம் கேட்பது? அது ஆளைத் தனியாக்கும். வீட்டு முகவரியில் காலனி என்று எழுதாமல் நகர் என்று எழுதவைக்கும். 2025 ஏப்ரலில் அரசாங்கமே காலனி என்ற சொல்லை ஆவணங்களிலிருந்து எடுப்பதாகச் சட்டமன்றத்தில் அறிவித்தது. பிள்ளைகள் அதற்கு எத்தனையோ வருஷம் முன்பே எடுத்துவிட்டார்கள். எந்த அரசாணையும் இல்லாமல், ஒவ்வொருத்தியும் தனித்தனியாக, மற்றவள் செய்வது தெரியாமல் எடுத்தார்கள். அந்தத் தனித்தனியை உடைப்பதுதான் குழுவின் வேலை.

இந்தப் பயிற்சிகளில் நிமிஷத்துக்கு ஒருதரம் வருகிற சொல் தன்னம்பிக்கை. நம்ம பிள்ளைகளுக்குத் தன்னம்பிக்கை குறைவு, அதை வளர்க்க வேண்டும். சரி. நாற்று நட்டு, மாடு மேய்த்து, தம்பி தங்கச்சியை இடுப்பில் தூக்கி வளர்த்துவிட்டுப் பத்தாவது படிக்க வந்த பிள்ளைக்குத் தன்னம்பிக்கை குறைவா? அவளுக்கு அடிபட்டிருப்பது தன்னம்பிக்கையில் இல்லை, தன்மானத்தில். தன்னம்பிக்கை ஒருத்தி தனியாக வளர்த்துக்கொள்ளக் கூடியது. தன்மானம் நாலு பேர் நடுவில் போனது. நாலு பேர் நடுவில்தான் திரும்பி வரும். தனியறைக் கவுன்சிலிங்கைவிட இந்தப் பிள்ளைகளுக்குக் குழு ஏன் தேவை என்பதற்கு இதைவிட வேறு நியாயம் எனக்குத் தெரியவில்லை.

4

1953இல் ஃபிரான்ஸ் ஃபனான் என்ற கறுப்பு மனநல மருத்துவர் அல்ஜீரியாவில் பிளிதா என்ற ஊரின் மனநல மருத்துவமனைக்கு வேலைக்கு வந்தார். அல்ஜீரியா அன்றைக்குப் பிரெஞ்சுக்காரன் காலனி. ஃபனான் நோயாளிகளைக் கட்டிப்போட்டு வைப்பதை விரும்பாதவர். கூட்டம், விழா, பத்திரிகை, கைவேலை என்று குழுவாகச் சேர்த்து நடத்துகிற சிகிச்சையைத் தொடங்கினார். ஐரோப்பியப் பெண்கள் வார்டில் அது நன்றாக நடந்தது. அல்ஜீரிய முஸ்லிம் ஆண்கள் வார்டில் படுத்துவிட்டது. யாரும் வரவில்லை, வந்தவன் பேசவில்லை.

மற்ற டாக்டர்கள் என்ன சொல்லியிருப்பார்கள்? இவங்க சனமே இப்படித்தான், இவங்களுக்கு இதெல்லாம் ஏறாது என்றிருப்பார்கள். ஃபனானும் ஜாக் அசூலே என்ற இளைய மருத்துவரும் 1954இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். கோளாறு நோயாளியிடம் இல்லை, நாங்கள் கொண்டுவந்த முறையில் என்றார்கள். பிரெஞ்சுக்காரனின் விழாவை, பிரெஞ்சுக்காரனின் பாட்டை, மொழிபெயர்ப்பாளரை நடுவில் வைத்துக்கொண்டு அடிமைப்பட்ட மனிதன்மேல் திணித்தால் அது சிகிச்சை ஆகாது. அதற்குப் பிறகு அந்த வார்டில் அந்த ஊர்ப் பாணியில் ஒரு காப்பிக் கடை வைத்தார்கள், அவர்கள் பண்டிகையைக் கொண்டாடினார்கள், கதைசொல்லியை வரவழைத்தார்கள். ஆட்கள் வந்தார்கள். பேசினார்கள். 1956இல் ஃபனான் அந்த வேலையையே ராஜினாமா செய்துவிட்டு அல்ஜீரிய விடுதலைப் போராட்டத்தோடு சேர்ந்துகொண்டார் என்பது தனிக்கதை. தனிக்கதையும் இல்லை, இதே கதையின் மீதிதான்.

நம்ம ஹாஸ்டல் பிள்ளைகளைக் குழுவில் உட்காரவைத்து 'வாயே தொறக்க மாட்டேங்குதுங்க' என்று சலித்துக்கொள்கிற கவுன்சிலர்களுக்குச் சொல்கிறேன். அவங்க வாய் நல்லாத்தான் இருக்கு. நீங்க போட்டிருக்கிற விரிப்பைப் பாருங்க.

5

அப்படியானால் எப்படி நடத்துவது? குறை சொல்லிவிட்டுப் போவது சுலபம். எங்களுக்கு நடந்துவருகிற முறையைச் சொல்கிறேன். பெரும்பகுதி உலகம் பூராவும் இந்தத் துறையில் ஒப்புக்கொண்ட பழக்கம்தான். சிலது நம்ம மண்ணுக்காக மாற்றியது.

எட்டுப் பேர், அதிகபட்சம் பத்துப் பேர். அதற்குமேல் போனால் அது வகுப்பு. பதின்மூன்று வயதுக்காரியையும் பதினேழு வயதுக்காரியையும் சேர்க்காதீர்கள். சின்னவள் பெரியவள் வாயையே பார்த்துக்கொண்டிருப்பாள். சேர்ப்பதற்கு முன்னால் ஒவ்வொருத்தியோடும் தனியாகப் பேசவேண்டும். வர விருப்பமா என்று கேட்கவேண்டும். வார்டன் பட்டியல் போட்டு அனுப்பினால் வாங்காதீர்கள். வீட்டுக்கும் சொல்லவேண்டும். பையித்தியக்கார வைத்தியம் என்று ஊரில் பேச்சு கிளம்புவதற்கு முன்னால் அந்த அம்மாக்களோடு நாமே ஒரு டீ குடித்துவிட வேண்டும். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணத்தில் இருக்கிற பிள்ளையைக் குழுவில் உட்காரவைத்துக் குணப்படுத்தப் பார்க்காதீர்கள். அவளுக்கு உடனே தனியாக மருத்துவர் வேண்டும், பக்கத்தில் ஆள் வேண்டும். 14416 என்ற டெலி மானஸ் எண் 2022 அக்டோபரிலிருந்து இருக்கிறது. அது எல்லாப் பிள்ளைக்கும் மனப்பாடமாக இருக்கட்டும்.

தொடங்கிய குழுவில் நடுவில் ஆள் சேர்ப்பதில்லை. பத்து வாரம், பன்னிரண்டு வாரம் என்று முதல் நாளே சொல்லிவிடுவது. அதே கிழமை, அதே நேரம், அதே இடம். ஒருநாள் கலெக்டர் வருகிறார், இன்றைக்கு வேண்டாம் என்று நீங்கள் தள்ளிவைத்தால், கலெக்டரைவிட நான் கம்மி என்று பிள்ளை ஒரு பாடம் படித்துக்கொள்ளும். ஏற்கெனவே நிறையப் படித்த பாடம் அது. நடத்துவது இரண்டு பேர். ஒருத்தி பேச்சைப் பார்ப்பாள், இன்னொருத்தி பேசாதவளைப் பார்ப்பாள். அந்த இரண்டு பேரில் ஒருத்தியாவது சேரியில் பிறந்தவளாக இருக்கட்டும். மற்றவர்களுக்கு இந்த வேலை தெரியாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் பிள்ளை ஒரு வார்த்தை சொல்லும்போது எதிரில் இருப்பவள் முகம் சுருங்குமா சுருங்காதா என்று முதலில் பார்க்கும். அந்தச் சோதனையில் தேறாதவளுக்கு எந்த டிப்ளமாவும் உதவாது.

பாயில் வட்டமாக உட்காருவோம். நாற்காலி என்றால் எல்லாருக்கும் நாற்காலி, இல்லாவிட்டால் யாருக்கும் இல்லை. வார்டன், சமையல்காரம்மா யாரும் எட்டிப்பார்க்கக் கூடாது. நோட்டுப் புத்தகம் கிடையாது. கைக்கு ஏதாவது வேலை இருந்தால் வாய் தானாகத் திறக்கும். வேர்க்கடலை உரிப்போம், பூ கட்டுவோம், தலை வாரிவிட்டுக்கொள்வோம். நம்ம தெருவில் பெண்கள் தலைமுறை தலைமுறையாக இப்படித்தான் ஒருத்தி துக்கத்தை ஒருத்தி கேட்டார்கள்.

விதிகளைப் பிள்ளைகளே போடுகிறார்கள். நாங்கள் சேர்ப்பது மூன்று. ஒன்று, பேசாமல் இருக்கவும் உரிமை உண்டு. இரண்டு, எதைப் பற்றியும் பேசலாம், சாதியைப் பற்றியும் பேசலாம். மூன்று, இங்கே பேசியது வெளியே போகாது. ஆனால் உயிருக்கு ஆபத்து என்றாலோ, யாராவது உடம்பில் கைவைத்தார்கள் என்றாலோ நாங்கள் வெளியே சொல்லியே ஆகவேண்டும். 2012ஆம் வருஷத்துப் போக்சோ சட்டம் அதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. இந்த விலக்கை முதல் நாளே சொல்லவேண்டும். பிள்ளை நம்பிச் சொன்ன பிறகு சட்டத்தைக் காட்டினால் அது துரோகம்.

நேராக 'உன் கஷ்டத்தச் சொல்லு' என்று கேட்டால் எந்தப் பிள்ளையும் சொல்லாது. நாங்கள் வாசிப்பில் ஆரம்பிப்போம். 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்ற தன்வரலாற்றுக் குறிப்புகளில் அண்ணல் அம்பேத்கர் 1901இல் சின்னப் பையனாக அண்ணனோடு அப்பாவைப் பார்க்க ரயிலேறிப் போனதை எழுதியிருக்கிறார். என்ன சாதி என்று தெரிந்ததும் வண்டிக்காரன் ஓட்ட மறுத்துவிட்டான். இரட்டை வாடகை கொடுத்துப் பிள்ளைகளே வண்டியை ஓட்டிப் போனார்கள். கூடையில் சாப்பாடு இருந்தது. குடிக்கத் தண்ணீர் கிடைக்கவில்லை. இதை வாசித்து முடித்ததும் நாங்கள் கேள்வி கேட்பதில்லை. கடலையை உரித்துக்கொண்டு சும்மா இருப்போம். ஒரு சாயங்காலம் எட்டாவது படிக்கிற பிள்ளை ஒன்று சொன்னது: 'அம்பேத்கருக்கேவாக்கா?' கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று: 'அப்ப அவரு என்ன தப்பு பண்ணாரு?' மூன்றாவது ஒன்று, அதுவரைக்கும் நாலு வாரமாக வாயே திறக்காதது, குனிந்த தலை நிமிராமல் சொன்னது: 'ஒண்ணும் பண்ணல. நானும் ஒண்ணும் பண்ணல.'

இதைத்தான் அந்தப் பிள்ளை வெளியே சொல்லச் சொன்னது. சாதி பேசக்கூடாது என்ற சார்ட் பேப்பர் அன்றைக்குச் சுவரில் இருந்திருந்தால் இந்த வாக்கியம் பிறந்திருக்காது.

ஒரு பிள்ளை பேசும்போது நாம் உடனே புத்தி சொல்லிவிடக் கூடாது. அழுதால் உடனே கண்ணைத் துடைத்துவிடவும் கூடாது. 'இது வேற யாருக்காவது ஆயிருக்கா?' என்று வட்டத்திடம் திருப்பிவிட வேண்டும். பதிலை நாம் கொடுத்தால் அது நம்ம பதில். வட்டம் கொடுத்தால் அது அவர்கள் சொத்து. ஒன்றில் மட்டும் கறாராக இருப்போம். கையை எப்படி அறுத்துக்கொண்டேன், என்ன குடித்தேன் என்று விவரமாகச் சொல்ல ஆரம்பித்தால் மெதுவாக நிறுத்திவிட்டுப் பிறகு தனியாகக் கேட்போம். இந்த வயதில் அது ஒருத்தியிடமிருந்து இன்னொருத்திக்குத் தொற்றும். கடைசிப் பத்து நிமிஷம் மனசை இறக்கிவைக்க. பாட்டு, சிரிப்பு, ராத்திரிக்கு என்ன குழம்பு என்ற பேச்சு. திறந்த காயத்தோடு ஒருத்தியையும் படுக்க அனுப்பக் கூடாது.

6

இதற்கு வருகிற ஆட்சேபணைகள் எனக்குத் தெரியும்.

'சாதியே தெரியாத பிஞ்சு மனசில் நீங்கதான் சாதிய விதைக்கிறீங்க.' ஆறாவது படிக்கிற தலித் பிள்ளையைக் கேளுங்கள். எந்தத் தெருவில் செருப்பைக் கழற்றவேண்டும், எந்தக் கடையில் கை படாமல் சில்லறை போடுவான், எந்த டீச்சர் தன் டிபன் பாக்ஸைத் தொடவிடமாட்டார், எல்லாம் சொல்லும். சாதி தெரியாமல் வளர்கிற சௌகரியம் யாருக்கு வாய்த்திருக்கிறதோ அவர்கள்தான் இந்த ஆட்சேபணையைச் சொல்கிறார்கள். 2017ஆம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 18ஆவது பிரிவு, மனநலச் சிகிச்சையில் சாதியின் பேரால் பாகுபாடு கூடாது என்று சாதி என்ற சொல்லைப் போட்டே சொல்கிறது. நாடாளுமன்றம் எழுதிய சொல்லைச் சார்ட் பேப்பர் எழுதக்கூடாதா?

'தனித்தனிக் குழுவா வெச்சா அது பிரிவினை இல்லையா? அடிச்சவனையும் அடிபட்டவனையும் ஒண்ணா உக்கார வெச்சுப் பேசவெச்சா நல்லிணக்கம் வருமே.' இந்த நல்லிணக்க வட்டங்களில் ஒன்றுக்கு நானே போயிருக்கிறேன். அடித்தவன் 'ஸாரி' சொன்னான். அடிபட்டவன் 'பரவால்ல' சொன்னான். கை குலுக்கினார்கள், எல்லாரும் கைதட்டினார்கள். அவன் 'பரவால்ல' என்று சொல்லாமல் வேறு என்ன சொல்லமுடியும்? மறுநாள் அதே பஸ்ஸில் அவன் போகவேண்டும். அடித்தவனைத் திருத்துகிற பாடப்புத்தகமாக அடிபட்டவனைப் பயன்படுத்துகிறீர்கள். அவனுக்குச் சிகிச்சை எங்கே? சேர்ந்து உட்காரும் நாள் வரலாம். அடிபட்டவன் தன் காலில் நின்று, தானாகக் கேட்டு, வழக்கை வாபஸ் வாங்கவைக்கிற தந்திரம் அதற்குள் இல்லை என்று உறுதியான பிறகு வரட்டும்.

அடித்த பிள்ளைகளுக்கும் சிகிச்சை வேண்டாமா என்றால், வேண்டும். அவர்களும் பிள்ளைகள்தான். அவர்கள் கையில் அரிவாளைக் கொடுத்தவர்கள் பெரியவர்கள். ஆனால் அவர்களை மட்டும் ஒரு கும்பலாகச் சேர்த்துக் குழு நடத்துவது ஆபத்து. 1999இல் தாமஸ் டிஷன், ஜோன் மெக்கார்ட், பிரான்சுவா பூலின் என்ற மூன்று ஆய்வாளர்கள் அமெரிக்காவில் முரட்டுப் பிள்ளைகளை ஒன்றாகச் சேர்த்து நடத்திய சில திட்டங்களை ஆராய்ந்து எழுதினார்கள். சில இடங்களில் பிள்ளைகள் திருந்துவதற்குப் பதிலாக இன்னும் கெட்டுப்போயிருந்தார்கள். ஒருவன் அடாவடியைச் சொல்ல, மற்றவன் சிரிக்க, அந்தச் சிரிப்பே பரிசாகிவிடுகிறது. சாதிப் பெருமை பேசுகிற பத்துப் பையன்களை ஒரே அறையில் வைத்து, 'மனசுல இருக்கறதச் சொல்லுங்கப்பா' என்றால் அது சிகிச்சை ஆகாது, சாதிச் சங்கக் கூட்டம் ஆகும். அவர்களுக்குத் தனியாள் கவனிப்பு வேண்டும். முக்கியமாக அவர்கள் வீட்டுப் பெரியவர்களோடு வேலை செய்ய வேண்டும். அந்த வேலையைச் சாதி இந்து நண்பர்கள் எடுத்துக்கொள்ளட்டும். சேரிக்கு வந்து எங்கள் பிள்ளைகளுக்குச் சகிப்புத்தன்மை சொல்லிக்கொடுக்கிற நேரத்தில் உங்கள் தெருவில் ஒரு பாய் விரியுங்கள்.

'இதெல்லாம் நிபுணர்கள் செய்யற வேலை.' ஒப்புக்கொள்கிறேன். 2015-16இல் நிம்ஹான்ஸ் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பு, 13 முதல் 17 வயது வரை உள்ளவர்களில் 7.3 சதவீதம் பேருக்கு மனநலச் சிக்கல் இருப்பதாகச் சொன்னது. அத்தனை பேருக்கும் நிபுணர் எங்கே இருக்கிறார்? ஹாஸ்டலுக்கு நிரந்தர வார்டன் இல்லாத இடங்களே இருக்கின்றன. பயிற்சி இல்லாமல் யாரும் இதில் இறங்கக்கூடாது, மேற்பார்வை இல்லாமல் ஒருநாளும் நடத்தக்கூடாது, முற்றிய நோயை மருத்துவரிடம்தான் அனுப்பவேண்டும். இதையெல்லாம் ஒப்புக்கொண்டுதான் கேட்கிறேன். நிபுணர் வருகிறவரைக்கும் பிள்ளை தனியாகவே இருக்கவேண்டுமா?

7

இன்னும் ஒன்று சொல்லவேண்டும். எங்கள் பிள்ளைகளின் கோபத்தை நோய் என்று எழுதாதீர்கள். பள்ளிக்கூடம் அனுப்புகிற தாள்களில் 'எதிர்த்துப் பேசுகிறான், முறைக்கிறான், கட்டுப்படுவதில்லை' என்று எழுதி, கவுன்சிலிங் தேவை என்று டிக் அடித்திருப்பார்கள். அவமானப்பட்டவனுக்குக் கோபம் வந்தால் அவன் மனசு ஆரோக்கியமாக இருக்கிறது என்று அர்த்தம். கோபமே வராமல் சிரித்துக்கொண்டு கக்கூஸ் கழுவுகிற பிள்ளையைப் பார்த்துத்தான் எனக்குப் பயம். கோபத்தைத் தன் கையை அறுப்பதிலிருந்தும், தங்கச்சியை அடிப்பதிலிருந்தும் திருப்பி, ஒரு புகார் மனுவாக, ஒரு பாட்டாக, ஒரு படிப்பாக மாற்றுவதற்குத்தான் வட்டம். அணைப்பதற்கு இல்லை.

அதேபோல வட்டம் நீதிக்கு மாற்றும் இல்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989இலிருந்து இருக்கிறது. எஃப்.ஐ.ஆர். போடவேண்டிய இடத்தில் கவுன்சிலிங் போடாதே. சட்டம் தரவேண்டிய இழப்பீட்டையும் பாதுகாப்பையும் கொடுத்துவிட்டு, அதற்கு மேல் சிகிச்சையைக் கொடு. பிள்ளை தினம் பார்க்கிற வாத்தியார் அவமானப்படுத்திக்கொண்டே இருக்க, சனிக்கிழமை சாயங்காலம் நாங்கள் உட்கார்ந்து தேற்றுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிக்கிற கதைதான்.

அரசாங்கத்திடம் கேட்பது அதிகமில்லை. ஒவ்வொரு விடுதியிலும் கதவு சாத்துகிற ஓர் அறை. வாரத்தில் யாரும் கைவைக்க முடியாத ஒன்றேகால் மணி நேரம். படித்துவிட்டு வேலையில்லாமல் இருக்கிற நம்ம பெண்களிலிருந்தும் பையன்களிலிருந்தும் ஆள் எடுத்து, மூன்று நாள் இல்லை, ஒரு வருஷம் பயிற்சி கொடுத்து, சம்பளம் கொடுத்து, மேலே ஒரு மருத்துவரை வைத்து அனுப்பட்டும். விடுதிக்குப் பெயர் மாற்றிய அரசுக்கு இது முடியாத காரியமா?

உங்களிடமும் கேட்கிறேன். இந்தப் பத்திரிகையை வாசிக்கிற நீங்கள் பாதிப் பேர் அதே ஹாஸ்டலில் புழு நெளிகிற சாம்பாரைத் தின்று படித்து வந்தவர்கள்தான். வாத்தியாராக, கிளார்க்காக, வக்கீலாக ஆகிவிட்டீர்கள். அந்த ஹாஸ்டல் பேரைக் குழந்தைகளிடம்கூடச் சொல்லாமல் வாழ்கிறீர்கள். அந்தப் பதினாலு வயதில் உங்களுக்கு நடந்ததை இன்றுவரை யாரிடம் சொன்னீர்கள்? பணம் கொடுங்கள் என்று கேட்கவில்லை, மேடையேறிச் சாதித்த கதையைச் சொல்லுங்கள் என்றும் கேட்கவில்லை. பயிற்சி எடுத்துக்கொண்டு, வாரம் ஒரு சாயங்காலம் வந்து பாயில் உட்காருங்கள். ஒரு பிள்ளை தலை நிமிராமல் தனக்கு நடந்ததைச் சொல்லும்போது, 'எனக்கும்தான்' என்று சொல்ல அங்கே ஒரு பெரிய ஆள் இருக்கவேண்டும்.